கம்பெனி பாதியில கைய விட்டா தீசிஸ் நிக்குமா? இண்டஸ்ட்ரி பிஹெச்டி ஃபெல்லோஷிப்ல எத எடுக்கறது

போன மாசம் அக்கா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. எம்.இ தெர்மல் முடிக்கப் போறா, எலக்ட்ரிக் வண்டி பேட்டரி பேக்ல சூடு எப்படி பரவுதுங்கறது ப்ராஜெக்ட், கேட் ஸ்கோரும் நல்லாவே இருக்கு. ஒரு நோட்டுல பக்கம் பூரா கோடு போட்டு, ஒரு பக்கம் ஐ.ஐ.டி, ஒரு பக்கம் ஓசூர் பக்கம் ப்ராஜெக்ட் பண்ண கம்பெனி, ஒரு பக்கம் பிரான்ஸ், ஒரு பக்கம் டென்மார்க்னு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் கீழ மாசம் எவ்ளோ வரும்னு போட்டு வெச்சிருந்தா. "மாமா, எதுல ஜாஸ்தின்னு வரிசைப்படுத்திட்டேங்க, நீங்க ஒரு தடவ பாத்து சரின்னு சொன்னீங்கன்னா அப்ளை பண்ணிருவேன்"னா. நான் பாத்துட்டு, வரிசை சரிதான் கண்ணு, ஆனா கேள்வி வேறன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேசுனதத்தான் இங்க எழுதறேன், அவள மாதிரி இன்னும் நெறைய பேர் இதே நோட்ட போட்டுட்டு உக்காந்திருப்பீங்கன்னு தெரியும்.

நான் ஏன் இதுல வாய் வெக்கறேன்னா, என் பிஹெச்டியும் ஒரு கம்பெனி பார்ட்னரோட பண்ணதுதான். பேர் வேண்டாம். மொதல் ரெண்டு வருஷம் ராஜ மரியாதை, டெஸ்ட் ரிக் (சோதனை பண்ற செட்டப்) அவங்க ஷெட்லயே, மத்தியானம் கேன்டீன் சாப்பாடு, நம்ம கைடு கூட பொறாமைப்படற அளவுக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன். மூணாவது வருஷம் மேல ஆள் மாறுனாங்க, அந்த ஆர் அண்ட் டி க்ரூப்பையே கலைச்சுட்டாங்க. ஒரு திங்கக்கிழமை காலைல போறேன், செக்யூரிட்டி அண்ணன் "சார் உங்க பேர் லிஸ்ட்ல இல்லீங்களே"ங்கறார். ரிக் உள்ள, எட்டு மாச டேட்டா அவங்க சர்வர்ல, நான் கேட்டுக்கு வெளிய டீக்கடையில. ரெண்டு சாப்டர திரும்ப எழுதி, இன்ஸ்டிட்யூட் லேப்ல ஒரு சின்ன ரிக் கட்டி, முடிச்சேன், ஆனா ஒன்றரை வருஷம் கூட ஆச்சு. அதுல இருந்து எந்த ஸ்கீம பத்தி யார் கேட்டாலும் எனக்கு மனசுல மொதல்ல வர்ற கேள்வி இதுதான்: நடுவுல கம்பெனி கைய விட்டா இந்த தீசிஸ் நிக்குமா நிக்காதா? ஸ்டைஃபண்ட், அதாவது மாசாமாசம் வர்ற உதவித்தொகை, அந்தக் கணக்கு அதுக்கப்பறம்.

சரி, அவ லிஸ்ட்ல மொதல்ல இருந்தது பிரைம் மினிஸ்டர்ஸ் ரிசர்ச் ஃபெல்லோஷிப், எல்லாரும் பி.எம்.ஆர்.எஃப்ம்பாங்க. 2018 பட்ஜெட்ல அறிவிச்சது. மொத ரெண்டு வருஷம் மாசம் 70,000, மூணாவது வருஷம் 75,000, அப்பறம் 80,000. இது போக வருஷத்துக்கு 2 லட்சம் ரிசர்ச் க்ராண்ட். சாதாரணமா ஐ.ஐ.டில சேந்தா கெடைக்கற அசிஸ்டன்ட்ஷிப் மொத ரெண்டு வருஷம் 37,000, அதுக்கப்பறம் 42,000, இது 2023 ஜனவரியில இருந்து இருக்கற ரேட். எம்.இ முடிச்சவங்களுக்கு நாலு வருஷம்னு வெச்சு போட்டுப் பாத்தோம்: இந்தப் பக்கம் 35.4 லட்சம், அந்தப் பக்கம் 18.96 லட்சம். பதினாறு லட்சத்துக்கு மேல வித்தியாசம், அக்காவோட வீட்டுக் கடன்ல பெரிய துண்டே அடைஞ்சுரும், அத நான் லேசா எடுத்துக்கல. வருஷா வருஷம் ரிவ்யூ உண்டு, வாரத்துக்கு ஒரு தடவ பக்கத்துல இருக்கற பாலிடெக்னிக்லயோ இன்ஜினியரிங் காலேஜ்லயோ க்ளாஸ் எடுக்கணும் (இத பலரும் தொல்லைங்கறாங்க, எனக்குத் தெரிஞ்சவரைக்கும் வைவால வாய் தெறக்கறதுக்கு அதவிட நல்ல பயிற்சி கெடையாது). நேரா உள்ள வர்றது, ஏற்கனவே பிஹெச்டி சேந்துட்டு நடுவுல லேட்டரலா வர்றதுன்னு ரெண்டு வழி வெச்சிருந்தாங்க, அந்தந்த கால்ல (அப்ளிகேஷன் கேட்டு வர்ற அறிவிப்புல) எந்த வழி தெறந்திருக்குன்னு பாத்துட்டுதான் அப்ளை பண்ணணும். 2025 பட்ஜெட்ல அடுத்த அஞ்சு வருஷத்துக்கு 10,000 ஃபெல்லோஷிப்னு சொன்னாங்க, தொகையும் கூடும்னாங்க.

இதுல கம்பெனி எங்க வருதுன்னு கேப்பீங்க. வரல. அதுதான் இதோட பலம். காசு அரசாங்கத்தோடது, ரெஜிஸ்ட்ரேஷன் இன்ஸ்டிட்யூட்ல, டாபிக்க முடிவு பண்றது நீயும் கைடும் டி.சி.யும் (உன் வேலைய மேற்பார்வை பண்ற டாக்டரல் கமிட்டி). கைடுக்கு ஒரு கம்பெனியோட கன்சல்டன்சியோ ஸ்பான்சர்டு ப்ராஜெக்ட்டோ இருந்துச்சுன்னா அத ஒரு சாப்டரா சேத்துக்கலாம், அவங்க போயிட்டாங்கன்னா அந்த ஒரு சாப்டர் சின்னதாகும், அவ்ளோதான். சென்னைல இருக்கறவங்களுக்கு இன்னொரு வசதி, ஐ.ஐ.டி மெட்ராஸ் ரிசர்ச் பார்க் 2010ல இருந்து தரமணியில நடந்துட்டு இருக்கு, கேம்பஸ்ல இருந்து ஒரு சைக்கிள் தூரத்துல அத்தன கம்பெனி ஆர் அண்ட் டி ஆளுங்க உக்காந்திருக்காங்க, ஃபெல்லோஷிப் பேர்ல "இண்டஸ்ட்ரி"ன்னு இல்லாமலேயே இண்டஸ்ட்ரியோட வேல பாக்கலாம்.

ரெண்டாவது, பேர் கேட்டா மேல சொன்னதும் இதுவும் ஒண்ணுதான்னு நெனச்சுருவீங்க, பாதிப் பேர் அப்படித்தான் குழம்பறாங்க. பிரைம் மினிஸ்டர்ஸ் ஃபெல்லோஷிப் ஸ்கீம் ஃபார் டாக்டரல் ரிசர்ச். இது 2012ல வந்தது, எஸ்.இ.ஆர்.பி.யும் (ஆராய்ச்சிக்கு நிதி குடுத்த மத்திய அரசு அமைப்பு) சி.ஐ.ஐ.யும் (கம்பெனிகளோட கூட்டமைப்பு) சேந்து கொண்டுவந்தது, வருஷத்துக்கு 100 பேர் வரைக்கும்னு வெச்சாங்க. ஐடியா என்னன்னா ஸ்டைஃபண்ட்ல பாதி அரசு, பாதி பார்ட்னர் கம்பெனி, கம்பெனிப் பக்கம் ஒரு மென்டார், காலேஜ் பக்கம் கைடு, ப்ராப்ளம் ரெண்டு பேரும் சேந்து எடுக்கறது. நேர்மையான டிசைன்தான், கம்பெனி தன் பாக்கெட்ல இருந்து காசு போடறதால மீட்டிங்குக்கு வருவாங்க, ஈமெயிலுக்கு பதில் போடுவாங்க. சும்மா லெட்டர்ஹெட்ல சப்போர்ட் லெட்டர் மட்டும் குடுத்துட்டு காணாமப் போற "பார்ட்னர்" மாதிரி இல்ல. ஆனா பாதி காசு அவங்களோடதுன்னா அவங்க நிறுத்துனா பாதி ஸ்டைஃபண்ட் நின்னு போகும், அத யார் ஈடு கட்டுவாங்கன்னு சேர்ற அன்னிக்கே கைடுகிட்ட வாய் விட்டு கேக்கணும். கூச்சப்படாதீங்க. இன்னொண்ணு, எஸ்.இ.ஆர்.பி இப்ப தனியா இல்ல, 2023 சட்டத்துல வந்த அனுசந்தான் நேஷனல் ரிசர்ச் ஃபவுண்டேஷனுக்குள்ள போயிருச்சு, அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி சீனியர் வாங்கின அறிவிப்ப வெச்சுட்டு பிளான் போடாதீங்க, இப்ப கால் இருக்கான்னு பாத்துட்டு பேசுங்க.

இதோட சேத்து சின்னதா ஒண்ணு. கம்பெனிகளே நேரா குடுக்கற ஃபெல்லோஷிப்பும் இருக்கு, டி.சி.எஸ் 2010ல இருந்து கம்ப்யூட்டிங் பக்கம் பிஹெச்டி பண்றவங்களுக்கு குடுத்துட்டு வருது, கூகுள், குவால்காம் மாதிரி ஆளுங்களும் குடுக்கறாங்க. இதெல்லாம் பெரும்பாலும் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் பக்கம்தான், மெக்கானிக்கல்காரங்க நாக்க தொங்கப்போட்டு பாக்க வேண்டியதுதான்.

மூணாவதுதான் அவளுக்கு ரொம்பப் புடிச்சது, அக்காவுக்கு அதவிடப் புடிச்சது. அந்த ஓசூர் கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கறேங்குது, வேல பாத்துட்டே எக்ஸ்டர்னலாவோ பார்ட் டைமாவோ பிஹெச்டி ரெஜிஸ்டர் பண்ணிக்கோ, நாங்களே ஃபீஸ் கட்டறோம்ங்குது. சம்பளம் வரும், பி.எஃப் புடிப்பாங்க, கல்யாணப் பேச்சுல "பொண்ணு வேலைக்கு போகுதுங்க"ன்னு சொல்லிக்கலாம் (அக்காவோட கணக்கு அது). கேக்க எல்லாம் ஒரே கல்லுல ரெண்டு மாங்கா மாதிரி இருக்கும்.

இங்கதான் நான் கொஞ்சம் குரல ஒசத்துனேன். எக்ஸ்டர்னல் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மொதல்ல கம்பெனியோட என்.ஓ.சி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற கடிதம் வேணும். கம்பெனிக்குள்ள ஒரு கோ-கைடு வேணும்னு பெரும்பாலான இன்ஸ்டிட்யூட்ல கேப்பாங்க. டாபிக் கம்பெனி வேலையோடது, எக்விப்மென்ட் கம்பெனியோடது, டேட்டா கம்பெனியோடது, உன் நேரமும் கம்பெனியோடது. அந்த மாசம் கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா உன் எக்ஸ்பரிமென்ட் ஓரமா போகும், எந்த மேனேஜரும் வேணும்னு பண்றதில்ல, ப்ரொடக்ஷன் லைன் நின்னா வீட்டு விசேஷத்தையே தள்ளிப் போடற ஊரு அது. கோ-கைடு வேற கம்பெனிக்கு மாறிட்டார்னா? நீயே மாறணும்னு நெனச்சா? புது கம்பெனி என்.ஓ.சி குடுக்குமா, பழைய கம்பெனி டேட்டாவ விடுமா? ஃபீஸ் கட்டறதுக்கு பதிலா பாண்ட் எழுதி வாங்குவாங்க, முடிச்சப்பறம் மூணு வருஷம் இருக்கணும்னு. நடுவுல அவங்க உன்ன அனுப்பினா அந்த பாண்ட் என்னாகும்னு அந்த பேப்பர்ல எழுதியிருக்கான்னு பாரும்மான்னேன். அவ ஃபோன்ல பி.டி.எஃப் தெறந்து பாத்தா. இல்ல. அவங்களா அனுப்பினாலும் ஃபீஸ திருப்பிக் கட்டணுமா வேண்டாமாங்கறதே அதுல எழுதல.

யு.ஜி.சி.யோட 2022 ரெகுலேஷன்ல குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணி இன்னும் ரெண்டு, பொண்ணுங்களுக்கு அதுக்கும் மேல ரெண்டுன்னு இருக்கு. ஐ.ஐ.டி.க்கெல்லாம் அவங்கவங்க சொந்த ரூல், ஆனா கணக்கு இதுக்குப் பக்கத்துலதான் வரும். வேலையோட பண்றவங்க அந்த கடைசி வருஷத்துலதான் போய் நிக்கறாங்க, நான் பாத்தவரைக்கும். அந்த பத்து வருஷத்துல எத்தன கம்பெனி அதே ஆர் அண்ட் டி ஹெட்ட வெச்சிருக்கும்னு நீங்களே யோசிங்க.

அதுக்காக இந்த வழியே தப்புன்னு சொல்லல. பத்து வருஷம் சர்வீஸ் போட்டு, ஒரு டீம வெச்சு நடத்திட்டு, எந்த ரிக்க எப்ப ஓட்டறதுன்னு தானே முடிவு பண்ற நெலையில இருக்கற ஆளுக்கு எக்ஸ்டர்னல் மாதிரி வசதியானது எதுவும் கெடையாது. அவர்கிட்ட இருக்கற டேட்டா ஐ.ஐ.டி லேப்ல இருபது வருஷம் உக்காந்தாலும் வராது. என் க்ளாஸ்மேட் ஒருத்தர் பம்ப் லைன்ல இருந்து நாப்பது வயசுக்கு மேல பண்ணார், அவர் தீசிஸ்ல இருந்த ஃபீல்டு ஃபெயிலியர் டேட்டாவ பாத்துட்டு எக்ஸாமினரே போட்டோகாபி கேட்டாராம். இருபத்திமூணு வயசுல ட்ரெய்னியா உள்ள போற பொண்ணுக்கு அந்த அதிகாரம் இருக்காது, அதுதான் வித்தியாசம்.

இப்ப வெளிநாடு. இங்க எல்லாரும் "யூரோப்ல ஃபுல்லி ஃபண்டட்"ன்னு ஒரே மூட்டையில கட்டிருவாங்க, உள்ள பிரிச்சுப் பாத்தா ஒவ்வொண்ணும் வேற ஜாதி.

பிரான்ஸோடத நான் கொஞ்சம் நேரம் எடுத்து சொல்றேன், நம்ம ஆளுங்க யாரும் அத சரியா பாக்கறதில்ல. சிஃப்ர்னு பேரு, 1981ல இருந்து ஓடுது. உன்ன வேலைக்கு எடுக்கறதே கம்பெனி, மூணு வருஷம், ஒரு யுனிவர்சிட்டி லேபோட சேத்து அக்ரிமென்ட். அந்த கம்பெனிக்கு அரசாங்கம் வருஷத்துக்கு 14,000 யூரோ குடுக்குது, ஏ.என்.ஆர்.டின்னு ஒரு அமைப்பு இத நடத்துது. எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் சேரலாம், மாஸ்டர்ஸ் இருந்தா போதும். சம்பளம் கம்பெனிதான் முடிவு பண்ணும், குறைஞ்சபட்சம் இவ்ளோன்னு மட்டும் ரூல், ரொம்ப வருஷமா வருஷத்துக்கு 23,484 யூரோன்னு இருந்தது, இப்ப படிப்படியா ஏத்திட்டு வர்றாங்க. ரூபாயில பெருக்கிப் பாத்துட்டு வாயப் பொளக்க வேண்டாம், அது க்ராஸ், அதாவது புடித்தத்துக்கு முந்தின தொகை, அதுல இருந்து சோஷியல் செக்யூரிட்டிக்கு அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகும், பாரிஸ்ல ரூம் வாடகைக்கே 700, 800 யூரோ போயிரும். ஆனா அந்தப் புடித்தத்துக்கு மருத்துவ காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, கான்ட்ராக்ட் முடிஞ்சு வேல கெடைக்காட்டி வேலையில்லா படின்னு எல்லாம் இருக்கு. நம்ம ஊர் ஸ்டைஃபண்ட்ல இதுல ஒண்ணும் கெடையாது, அஞ்சு வருஷம் முடிஞ்சா ஹாஸ்டல காலி பண்ணு, அவ்ளோதான்.

இதுல நம்ம ஊர் புத்திக்கு ஒரு தலைகீழ் விஷயம் இருக்கு. சிஃப்ர்ல சேரும்போது கம்பெனி மூணு வருஷ கான்ட்ராக்ட்டும் குடுக்கலாம், நிரந்தர வேலையும் குடுக்கலாம். நம்ம வீட்டுல கேட்டா "பெர்மனன்ட்ட எடு"ம்பாங்க. பிரெஞ்சு சட்டத்துல என்னன்னா, காலம் குறிச்ச கான்ட்ராக்ட்ட நடுவுல முறிக்கறது ரொம்ப கஷ்டம், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாலோ, பெரிய தப்பு பண்ணாலோ, அந்த மாதிரி சில காரணத்துக்கு மட்டும்தான் முடியும். பெர்மனன்ட் ஆள பொருளாதார காரணம் காட்டி அனுப்ப வழி இருக்கு. ஆக, தீசிஸ் முடியற வரைக்கும் பாதுகாப்புங்கற ஒரு விஷயத்த மட்டும் பாத்தா மூணு வருஷ கான்ட்ராக்ட்தான் கெட்டி! நான் இத சொன்னப்ப அக்கா நம்பவே இல்ல, "ஏன்டா பெர்மனன்ட்ட விட டெம்பரவரி நல்லதுங்கற, ஒனக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

டென்மார்க்லயும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், இண்டஸ்ட்ரியல் பிஹெச்டின்னே பேரு, மூணு வருஷம், கம்பெனில வேல, நேரத்த கம்பெனிக்கும் யுனிவர்சிட்டிக்கும் பங்கு போட்டுக்கணும், இன்னோவேஷன் ஃபண்டுங்கற அரசு நிதி கம்பெனிக்கு சம்பளத்துல ஒரு பங்கு குடுக்கும். சம்பளம் நல்லா இருக்கும், இங்கிலீஷ்லயே காலம் தள்ளலாம். சிக்கல் என்னன்னா மொதல்ல கம்பெனி உன்ன நம்பணும், ப்ராஜெக்ட்ட எழுதி அப்ளை பண்றதுல அவங்க உக்காரணும். கோயமுத்தூர்ல உக்காந்துட்டு டேனிஷ் கம்பெனிக்கு ஈமெயில் போட்டு அது நடக்கறது கொஞ்சம் அபூர்வம். அங்கயே மாஸ்டர்ஸ் பண்ணவங்களுக்கு அது இயல்பா அமையும்.

ஜெர்மனில இதுக்குன்னு பெரிய அரசு ஸ்கீம் பேர் எல்லாம் தேட வேண்டாம், கார் கம்பெனி, மெஷின் கம்பெனி எல்லாம் தன்னோட வேலைவாய்ப்புப் பக்கத்துலயே டாக்டராண்ட் (பிஹெச்டி மாணவர்) போஸ்ட்டுன்னு போடும், பெரும்பாலும் மூணு வருஷம், பட்டம் குடுக்கற புரொஃபசர சில சமயம் நீயே தேடணும். புரொஃபசர் யாருன்னு தெரியாம கையெழுத்து போட்டவங்க வேலைய முடிச்சுட்டு பட்டத்துக்கு அலஞ்ச கதை உண்டு. புரொஃபசரோட சம்மதக் கடிதம் கைக்கு வந்தப்பறம்தான் டிக்கெட்.

மரி கியூரி டாக்டரல் நெட்வொர்க்ல இண்டஸ்ட்ரியல் டாக்டரேட்னு ஒரு வகை இருக்கு, அதுல குறைஞ்சது பாதி காலம் யுனிவர்சிட்டிக்கு வெளிய, கம்பெனி பக்கம் இருக்கணும். காசு ஐரோப்பிய யூனியனோடது. 2021ல இருந்து 2024 வரைக்கும் வந்த கால்ல மாசம் 3,400 யூரோ வாழ்க்கைப்படின்னு இருந்தது, நாட்டுக்கு நாடு ஒரு குணகம் போட்டு கூட்டியோ கொறைச்சோ குடுப்பாங்க, முதலாளி கட்டவேண்டிய பங்கும் அதுக்குள்ளயேதான் கழியும், அதனால கைக்கு வர்றது கணிசமா கொறையும். இதுக்கு மேல 600 யூரோ மொபிலிட்டி படி. கம்பெனி கைய விட்டாலும் காசு ப்ரஸ்ஸல்ஸ்ல இருந்து வர்றது, நெட்வொர்க்ல இன்னும் பல பார்ட்னர் இருக்காங்க, என் கேள்விக்கு இது நல்ல மார்க் வாங்குது. ஒரே ஒரு ரூல் மட்டும் மறந்துறாதீங்க: சேர்றதுக்கு முந்தின 36 மாசத்துல அந்த நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. அதனால வரிச முக்கியம். "மொதல்ல பிரான்ஸ்ல ஒண்ணர வருஷம் வேல பாப்போம், அப்பறம் அங்கயே மரி கியூரி பாத்துக்கலாம்"னு போனீங்கன்னா கதவு சாத்திரும், வேற நாட்டுலதான் பாக்கணும். இந்தியால இருந்து ஃப்ரெஷ்ஷா போறவங்களுக்கு எல்லா கதவும் தெறந்திருக்கு, ஒரு தடவதான் அந்த பாக்கியம்.

அப்பறம் இந்த இன்ஜ்.டிங்கற எழுத்து. இங்கிலாந்துல 1992ல ஆரம்பிச்ச இன்ஜினியரிங் டாக்டரேட் நாலு வருஷம், முக்கால்வாசி நேரம் கம்பெனில, முடிச்சா டாக்டர் பட்டம், பிஹெச்டிக்கு சமம்தான். நெதர்லாந்துல அதே எழுத்துல ஒண்ணு இருக்கு, முன்னாடி பி.டி.இன்ஜ்னு இருந்தத 2022ல பேர் மாத்துனாங்க, அது ரெண்டு வருஷ டிசைனர் ட்ரெய்னிங், சம்பளத்தோட. அருமையான ப்ரோக்ராம், இண்டஸ்ட்ரிக்கே போறதுன்னு முடிவு பண்ணவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்வேன், ஆனா அது பிஹெச்டி கெடையாது. நாளைக்கு நம்ம ஊர் யுனிவர்சிட்டில அசிஸ்டன்ட் புரொஃபசருக்கு போட்டீங்கன்னா கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவர் இதென்னங்கம்பார். அவ லிஸ்ட்ல ரெண்டையும் ஒரே வரியில "இன்ஜ்.டி யூ.கே, நெதர்லாந்து"ன்னு எழுதியிருந்தா. அடிச்சுட்டு ரெண்டு வரியா எழுதச் சொன்னேன். இங்கிலாந்துல அரசு காசுல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு பேட்ச்ல 30 சதவீதம்தான் மேல் வரம்பு, போட்டி அதுக்கு ஏத்த மாதிரி இருக்கும்.

காசு, வருஷம் எல்லாம் ஆச்சு. இப்ப யாரும் பாக்காத பேப்பர், ஐ.பி அக்ரிமென்ட், அதாவது கண்டுபிடிப்பும் டேட்டாவும் யாருக்கு சொந்தம்ங்கற ஒப்பந்தம். கம்பெனியோட சேந்து பண்றன்னா எந்த நாடா இருந்தாலும் ஒண்ணு கையெழுத்து வாங்குவாங்க, பன்னெண்டு பக்கம், நாம கடைசி பக்கத்துல மட்டும் கையெழுத்து போடுவோம். அதுல மூணே இடம் பாத்தா போதும்.

மொதல்ல பப்ளிகேஷன். பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு காட்டணும்ங்கறது நியாயம்தான், 30 நாளோ 60 நாளோ கேப்பாங்க. அந்த நாளுக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம்னு அர்த்தம்ங்கற ஒரு வரி அதுல இருக்கணும். அந்த ஒரு வரி இல்லாம நான் ஒரு பேப்பர ஏழு மாசம் வெச்சுட்டு உக்காந்திருந்தேன், லீகல்ல ஒருத்தர் லீவு, அவ்ளோதான் காரணம். பேட்டன்ட் போடணும்னு தள்ளிப்போடறாங்கன்னா அதுக்கும் வழி இருக்கு. ப்ரொவிஷனல் ஸ்பெசிஃபிகேஷன் (பேட்டன்ட்டுக்கான ஆரம்ப விண்ணப்பம்) ஒண்ண ஃபைல் பண்ணிட்டா அன்னிக்கு தேதி நம்மளது, முழு ஸ்பெசிஃபிகேஷன் போட 12 மாசம் டைம் இருக்கு, நடுவுல அதுல எழுதுன விஷயத்த பேப்பரா போட்டா பேட்டன்ட்டுக்கு பழுதில்ல. மாத்தி, பேப்பர மொதல்ல விட்டுட்டு அப்பறம் ஃபைல் பண்ணா ஐரோப்பால கதை முடிஞ்சுது. இத கைடுங்க பல பேருக்கே தெரியறதில்ல, தெரிஞ்சவங்க ரெண்டு வாரத்துல முடிச்சுருவாங்க.

அடுத்து தீசிஸ ரகசியமா வெக்கறது. கம்பெனிக்காரங்க சேரும்போது சாதாரணமா "எல்லாம் கான்ஃபிடென்ஷியல்"னு போட்டுருவாங்க. நம்ம ஊர்ல பட்டம் குடுத்தப்பறம் தீசிஸோட சாஃப்ட் காப்பி இன்ஃப்ளிப்நெட்டுக்கு, அதாவது யாரும் ஆன்லைன்ல படிக்கற மாதிரி தீசிஸ வெக்கற ஷோத்கங்காவுக்கு போகணும், யு.ஜி.சி ரூல். அஞ்சு வருஷம் கழிச்சு சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) குடுக்கற டைம்ல கம்பெனிக்கு இது தெரிய வரும், அப்ப ஆரம்பிக்கும் பாருங்க பஞ்சாயத்து. ஜெர்மனில தீசிஸ வெளியிட்டாதான் பட்டமே, அதனால அங்க கம்பெனிகளுக்கு இது பழகிப் போச்சு, ரகசியமான நம்பர எல்லாம் மொதல்லயே நார்மலைஸ் பண்ணி (நெஜ அளவு தெரியாத மாதிரி விகிதமா மாத்தி) எழுத வெப்பாங்க. பிரான்ஸ்ல கதவ சாத்திட்டு டிஃபென்ஸ் நடத்த, கொஞ்ச வருஷம் தீசிஸ மூடி வெக்க வழி இருக்கு. நம்ம ஊர்ல இதையெல்லாம் சேர்ற அன்னிக்கே பேசி, எந்த டேட்டா சாப்டர்ல வரலாம் எது வரக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கறது ஒண்ணுதான் வழி.

மூணாவது, விலகுனா என்ன. கம்பெனி வெளிய போனா அதுவரைக்கும் எடுத்த டேட்டாவ தீசிஸுக்கு பயன்படுத்த அனுமதி உண்டுன்னு ஒரு வரி. அது என் அக்ரிமென்ட்ல இல்ல. கேட்டா போடுவாங்க, பெரும்பாலும் மறுக்கக்கூட மாட்டாங்க, நாமதான் கேக்கறதில்ல. கூடவே ஒரு பழக்கம்: ஒவ்வொரு டி.சி மீட்டிங்குக்கும் அந்த ஆறு மாச டேட்டாவ, கம்பெனி அனுமதியோட, இன்ஸ்டிட்யூட் சர்வர்ல ஏத்திரணும். மீட்டிங் மினிட்ஸ்ல அத எழுதிரணும். மினிட்ஸ்ல இருக்கறத பின்னாடி யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

இவ்ளோ பேசுனதுக்கு அப்பறம் எனக்கு என்ன தோணுதுன்னு கேட்டா, இவளுக்கு, இந்த வயசுல, இந்த டாபிக்குக்கு, கம்பெனி பார்ட்னரா இருக்கட்டும், சம்பளம் குடுக்கற முதலாளியா வேண்டாம். ஐ.ஐ.டி சீட் கெடச்சா அத எடுத்து, பி.எம்.ஆர்.எஃப் வந்தா வரட்டும், வராட்டி 37,000லயே ஆரம்பிச்சு, ஓசூர் கம்பெனிய ஸ்பான்சர்டு ப்ராஜெக்ட்டா உள்ள இழுக்கறது. பேட்டரி செல் சூடாகி தீப்புடிக்கற டெஸ்ட் பண்ண பாதுகாப்பான லேப் வேணும், அது அவங்ககிட்டதான் இருக்கு, அதனால அவங்க வேண்டவே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். மாடலிங் சாப்டர் ரெண்டும் வெளிய பப்ளிஷ் ஆன டேட்டாவ வெச்சு நிக்கணும், டெஸ்ட் சாப்டர் ஒண்ணு மட்டும் அவங்க லேப்ப நம்பியிருக்கணும். ஒரு கால் போனாலும் ஸ்டூல் விழாது. மரி கியூரில இதே டாபிக்ல ஒரு போஸ்ட் வந்துச்சுன்னா ஐ.ஐ.டி.ய விட்டுட்டு அதுக்கு போன்னும் சொன்னேன், சிஃப்ர்ல மூணு வருஷ கான்ட்ராக்ட்டா இருந்தா அதுக்கும். டென்மார்க்க நோட்டுல இருந்து அடிச்சாச்சு. பதினாறு லட்சத்த வெச்சு முடிவு பண்ணாதன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல, வீட்டுக் கடன் என்னோடது இல்லையே.

போன வாரம் ஃபோன் பண்ணா. ஓசூர் கம்பெனிக்கு அந்த மூணு வரிய ஈமெயில்ல கேட்டாளாம். ஸ்பான்சர்டு ப்ராஜெக்ட்டுக்கு சரின்னுட்டாங்க, 45 நாள்ல பதில் வரலைன்னா சம்மதம்ங்கறதுக்கும் சரின்னுட்டாங்க. விலகுனா டேட்டா யாருக்குங்கற வரிக்கு மட்டும் "லீகல்கிட்ட கேட்டு சொல்றோம்"னு பதில் வந்திருக்கு. "எத்தன நாள் மாமா வெயிட் பண்றது?"ன்னா. ஐ.ஐ.டி இன்டர்வியூ தேதி என்னிக்கு கண்ணுன்னு கேட்டேன். பதினெட்டாம் தேதிங்களாம். அதுக்கு மொத நாள் ராத்திரி வரைக்கும்னு சொல்லியிருக்கேன்.